ஜப்பான் ஏலத்துக்கு எந்தத் தரகர்? கட்டணத்தைக் கடைசியில் பாருங்கள்

யாஹூ ஜப்பானின் ஏலத்தளம் 1999 முதல் நடக்கிறது. பழைய லென்ஸ், மைப்பேனா, ஃபிகர் பொம்மை, ஆடியோ ஆம்ப்ளிஃபையர் தேடுபவர்கள் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து சேரும் இடம் அது. ஜப்பானியத் தொலைபேசி எண்ணும் ஜப்பான் முகவரியும் இல்லாதவர் அங்கே நேரடியாக ஏலம் கேட்க முடியாது. பிரிட்டனிலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் 2022 ஏப்ரலிலிருந்து தளமே திறப்பதில்லை. ஆகவே நமக்காக ஏலம் கேட்டு, பணம் கட்டி, பொருளைக் கிடங்கில் வாங்கி வைத்து, பெட்டி கட்டி அனுப்ப ஒரு தரகர் வேண்டும்.

பலரும் தரகரைத் தேர்ந்தெடுப்பது முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் சேவைக் கட்டணத்தை வைத்து. மொத்தச் செலவில் பெரும்பாலும் சின்னப் பங்கு அதுதான். ஏலத்தின் கடைசி ஐந்து நிமிடம், பொருள் கிடங்குக்கு வந்த நாள், பெட்டியின் நீள அகலம் ஆகிய மூன்றில்தான் பணம் மிஞ்சும் அல்லது போகும்.

யார் என்ன வேலை செய்கிறார்கள்

முதல் வகை, பையீ, ஜென்மார்க்கெட் போன்ற பெரிய தளங்கள். யாஹூ ஏலப் பட்டியல் அப்படியே அவர்கள் பக்கத்தில் தெரியும். உச்சத் தொகையை நாமே போடலாம். பையீ யாஹூ ஏலத்தின் அதிகாரப்பூர்வக் கூட்டாளி. ஜென்மார்க்கெட்டில் முதலில் கணக்கில் பணம் ஏற்றிவைத்து அதிலிருந்து செலவழிக்க வேண்டும். இரண்டாம் வகை, டெபாசிட் வாங்கிக்கொண்டு அதன் அளவுக்கு ஏற்ப ஏலம் கேட்க விட்டு, விலையில் ஒரு சதவீதம் எடுப்பவை. மூன்றாம் வகையில் ஒரு ஆள் உட்கார்ந்து நமக்காகக் கேட்பார். விற்பவரிடம் ஜப்பானிய மொழியில் கேள்வியும் கேட்டுச் சொல்வார். கட்டணம் அதிகம்.

டென்சோ போன்றவற்றை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அது முகவரி தரும், வந்த பார்சலை மறு அனுப்புதல் செய்யும், அவ்வளவுதான். கடைத்தளங்களில் நாமே வாங்க முடிந்தால் அது போதும். ஏலத்தில் உதவாது.

கட்டணக் கணக்கு

ஒரு தரகர் பொருளுக்கு 500 யென் நிலைக்கட்டணம் கேட்கிறார், இன்னொருவர் 200 யென்னும் விலையில் 8 சதவீதமும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 3,750 யென் விலையில் இரண்டும் சமம். அதற்குக் கீழே சதவீதக்காரர் மலிவு, மேலே நிலைக்கட்டணக்காரர் மலிவு. 15,000 யென் லென்ஸ் ஒன்றுக்கு முதலாமவரிடம் 500, இரண்டாமவரிடம் 1,400. தலா 800 யென்னுக்கு ஐந்து பேனா எடுத்தால் முதலாமவரிடம் 2,500, இரண்டாமவரிடம் 1,320.

ஆனால் அந்த ஐந்து பேனாவும் ஐந்து விற்பனையாளரிடமிருந்து வந்தால் உள்நாட்டு அனுப்புக்கூலி ஐந்து முறை விழும். ஒவ்வொன்றும் 700 யென் என்றால் 3,500. தரகர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் அதன் முன் ஒன்றுமில்லை. ஒரே விற்பனையாளரிடம் பல பொருள் எடுக்கும்போது, 'தோகோன்' (ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்புவது) கேட்டு வாங்கித் தரும் தரகர் உண்டா என்று பாருங்கள். பலர் அதைச் செய்வதில்லை. 'சாகுபராய்' என்றிருந்தால் அனுப்புக்கூலியைப் பெறுபவர் கட்ட வேண்டும். தரகர் கட்டிவிட்டு நம் கணக்கில் எழுதுவார். கடை என்ற குறியுள்ள விற்பனையாளர்களிடம் விலையின் மேல் 10 சதவீத நுகர்வு வரி வருமா என்பதையும் ஏலம் கேட்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம்

பெரும்பாலான ஏலங்கள் ஜப்பான் நேரப்படி இரவு 9 மணி முதல் 11 மணிக்குள் முடியும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது மாலை 5.30 முதல் 7.30, சிங்கப்பூர், மலேசியாவில் இரவு 8 முதல் 10. பல ஏலங்களில் 'தானாக நீளும்' அமைப்பு இருக்கும்: முடிய ஐந்து நிமிடத்துக்குள் யாராவது மேலே கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும், மறுபடி கேட்டால் மறுபடி நீளும். ஈபேயில் பழகிய கடைசி நொடித் தந்திரம் இங்கே பலிக்காது. ஏலத்தை நீட்டித்துக்கொண்டே போகும் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

அதனால் தரகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நான் போடும் தொகை உடனே யாஹூவுக்குப் போகிறதா, அல்லது உங்கள் ஆள் பார்த்துப் போடுகிறாரா? ஆள் போடும் இடங்களில் ஏலம் முடியச் சில மணி நேரம் முன்பே கதவடைத்துவிடுவார்கள். அப்போது நம் உச்சத் தொகையை மனத்தில் உறுதிசெய்து ஒரே தடவை சொல்வது தவிர வழியில்லை. டெபாசிட் முறையில் வேகம் உண்டு. ஆனால் டெபாசிட் தொகைக்கு மேல் பாய முடியாது. கண் வைத்த பொருள் 40,000 யென் போகும் என்று தெரிந்தால் முந்தின நாளே பணம் ஏற்றி வையுங்கள். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது பணம் ஏற்றினால் வங்கி ஓடிபி சொதப்பும்.

ஏலப்படியும் (ஒவ்வொரு முறையும் விலை குறைந்தது எவ்வளவு ஏற வேண்டும் என்பது) தெரிந்திருக்க வேண்டும்: 1,000 யென்னுக்குக் கீழ் 10 யென், 5,000 வரை 100, 10,000 வரை 250, 50,000 வரை 500, அதற்கு மேல் 1,000. கேட்ட ஏலத்தைத் திரும்பப் பெற முடியாது என்று வைத்துக்கொண்டே கேளுங்கள்.

விற்பவரின் குறிப்பில் 'தாய்கோ' (தரகர்), 'கைகாய்' (வெளிநாடு) என்ற சொற்களோடு 'ஒகொத்தோவாரி' என்றிருந்தால், தரகர் வழியாகக் கேட்பவர்களுக்கு விற்க மாட்டார் என்று பொருள். ஜெயித்தாலும் ரத்து செய்துவிடுவார். அதைப் படித்து முன்கூட்டியே தடுக்கும் தரகரும் இருக்கிறார். ஏலத்தை எடுக்க விட்டுப் பிறகு கையை விரிப்பவரும் இருக்கிறார். எந்தச் சதவீதத்தைவிடவும் இந்த வித்தியாசம் பெரிது.

கிடங்கில் என்ன பார்க்கிறார்கள்

யாஹூவில் வாங்குபவர் 'கிடைத்தது' என்று அழுத்திய பிறகுதான் விற்பவருக்குப் பணம் போகும். நம் விஷயத்தில் அதை அழுத்துவது தரகர். பார்சல் கிடங்கைத் தொட்டதும் அழுத்திவிடுவார்கள். பெட்டி நம் கைக்கு வருவதற்கு வாரக்கணக்கு முன்பே அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. ஆகவே 'பரிசோதனை' என்று தரகர் விற்கும் சேவையில் சரியாக என்ன நடக்கிறது என்று எழுத்தில் பாருங்கள். பெரும்பாலும் எண்ணிக்கை, நிறம், வெளியே தெரியும் உடைப்பு, அவ்வளவே. லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க மாட்டார்கள், ஆம்ப்ளிஃபையரை மின்னில் மாட்டிப் பார்க்க மாட்டார்கள். கூடுதல் புகைப்படம் எடுத்துத் தரும் தரகரிடம், பொருள் வந்த அன்றே, எந்தக் கோணம் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்: லென்ஸின் பின்பக்கம் பின்னால் ஒளி வைத்து, பேனாவின் நிப் நுனி, ஃபிகரின் மூட்டுகள்.

விற்பவரின் சொற்களே பாதி உண்மையைச் சொல்லிவிடும். 'கபி' என்றால் பூஞ்சை, 'குமோரி' என்றால் மங்கல், 'கிசு' என்றால் கீறல். 'தோசா மிகாகுனின்' என்றால் இயக்கிப் பார்க்கவில்லை. 'ஜாங்க்' (பழுதுப் பொருள்) என்றிருந்தால் எந்தப் புகாரும் எடுபடாது, எந்தத் தரகரும் உதவ முடியாது. அந்த விலையை உதிரிபாக விலையாக நினைத்துக் கேளுங்கள்.

பெட்டி

பெரிய சண்டை வருவது இங்கேதான். கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணையும் அசல் எடையையும் ஒப்பிட்டு, பெரியதற்குக் காசு வாங்கும். 40×35×30 பெட்டியில் இருக்கும் 1.4 கிலோ ஃபிகர், கூரியர் கணக்கில் 8.4 கிலோ. ஜப்பான் அஞ்சலின் ஈஎம்எஸ் (விரைவு வானஞ்சல்) அசல் எடைக்கே காசு வாங்கும். ஃபிகருக்கும் பொம்மைக்கும் ஈஎம்எஸ் இல்லாத தரகர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கனமான சின்னப் பொருளுக்கு, அதாவது லென்ஸ், கியர், புத்தகக் கட்டு போன்றவற்றுக்கு, கூரியர் பல நேரம் நன்றாகவே வரும். கப்பல் அஞ்சல் மலிவு. ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும்.

பெட்டிகளைச் சேர்த்துக் கட்டும்போது விற்பவர் போட்ட வெளிப்பெட்டியைக் கழற்றலாமா என்று கேட்பார்கள். துணிக்கும் பேனாவுக்கும் கழற்றச் சொல்லுங்கள். லென்ஸுக்கும் பீங்கானுக்கும் வேண்டாம். விற்பவர் சுற்றிய குமிழ்த்தாள்தான் பல நேரம் கிடங்கு போடுவதைவிட நல்லது. இலவசக் கிடங்கு நாட்களையும் பாருங்கள்: ஒரு மாதத்துக்குள் எல்லா ஏலமும் முடிந்து சேராது என்றால் ஒன்றரை மாதம் தருபவரே சரி.

தனி லித்தியம் பேட்டரி, வாசனைத் திரவம், லைட்டர் வானஞ்சலில் போகாது. 'பெக்கோ' என்பது கடலாமை ஓடு. அதில் செய்த சீப்பும் யானைத்தந்தமும் பன்னாட்டு வனவிலங்கு உடன்படிக்கைக்குள் வரும், சுங்கத்தில் பறிமுதல் ஆகும். வாளுக்கு ஜப்பான் பண்பாட்டுத் துறையின் ஏற்றுமதிச் சான்று வேண்டும். மின்கருவி 100 வோல்ட் என்பதையும் மறக்காதீர்கள்.

பணம் கட்டும்போது

யென்னிலேயே கட்டவிடும் தரகரிடம் வங்கி ஒரு முறைதான் மாற்றும். டாலராக மாற்றி வாங்குபவரிடம் தரகரின் மாற்று விகிதம் ஒன்று, உங்கள் வங்கியின் விகிதம் இன்னொன்று; 500 யென் கட்டணத்தில் மிச்சம் பிடித்தது இங்கே போய்விடும். சுங்க மதிப்பைக் குறைத்து எழுதித் தரச் சொல்லாதீர்கள். பொருள் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்கே கிடைக்கும். இந்தியாவில் வரி, பொருளின் விலையோடு அனுப்புக்கூலியும் காப்பீடும் சேர்த்த தொகையின் மேல் கணக்கிடப்படும். கூரியரில் வந்தால் கேஒய்சி ஆவணம் கேட்பார்கள். முன்கூட்டியே தயாராக வையுங்கள்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், மாதம் ஓரிரு விலையுயர்ந்த பொருள் எடுப்பவருக்கு நிலைக்கட்டணமும் உடனடி ஏலமும் உள்ள பெரிய தளமே பொருத்தம். சின்னச் சின்னப் பொருள் குவிப்பவர் நீண்ட கிடங்கு நாளும் சேர்த்துக் கட்டும் கட்டணம் இல்லாததும் பார்த்து எடுக்கட்டும். ஒரு லட்சம் யென்னுக்கு மேலான கேமராவுக்கு, விற்பவரிடம் ஷட்டரையும் பூஞ்சையையும் பற்றிக் கேட்டு பதில் வாங்கித் தரும் ஆள்வழிச் சேவைக்குக் கொடுக்கும் அதிகக் கட்டணம் வீணில்லை. எந்தத் தரகராக இருந்தாலும் முதலில் 1,000 யென்னுக்குள் ஒரு பொருளை எடுத்து, கிடங்குப் புகைப்படம் எத்தனை நாளில் வருகிறது, பெட்டியின் அளவை அனுப்பும் முன்பே சொல்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பெரிய ஏலத்துக்குப் போங்கள்.