கடிகாரம் மட்டும் ஒழுங்காக இருந்த விவாதம்

நேரலையாக ஒளிபரப்பான வேட்பாளர் விவாதத்தை 90 நிமிடமும் இடத்தைவிட்டு எழாமல் பார்த்தேன். யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யாதவன் நான். ஆகவே யார் வென்றார் என்பது இங்கே பேச்சில்லை. முடிவெடுக்க அந்த நிகழ்ச்சி எனக்கு எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நேர ஒழுங்கில் குறை சொல்ல இடமில்லை. பதிலுக்கு 2 நிமிடம், மறுப்புக்கு 1 நிமிடம். ஒருவர் பேசும்போது மற்றவரின் மைக் அணைக்கப்பட்டது. 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்பும் பைடனும் ஒருவரையொருவர் பேசவிடாமல் முதல் விவாதத்தையே கூச்சலாக்கிய பிறகு, அவர்களுடைய இறுதி விவாதத்தில் தொடக்கப் பதில்களுக்கு இதே ஏற்பாட்டைச் செய்தார்கள். காதுக்கு இதம்தான்.

ஆனால் அந்த ஒழுங்கே நழுவுகிறவர்களுக்குப் புகலிடமாகிவிட்டது. மருத்துவமனைகளில் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேறு எந்தச் செலவை வெட்டுவீர்கள் என்று நெறியாளர் கேட்டார், நல்ல கேள்வி. முதல் வேட்பாளர் கேள்விக்கு நன்றி சொல்லி, தம் தாயார் நோயுற்ற கதையைத் தொடங்கினார். கதை உருக்கமானதுதான். திரையின் மூலையில் இருந்த எண்கள் மஞ்சளாகி, சிவப்பாக மாறும் நேரத்தில், "எங்கள் தேர்தல் அறிக்கையில் இதற்கு விரிவான திட்டம் இருக்கிறது" என்று முடித்துக்கொண்டார். நெறியாளர் "நன்றி" என்றார், அவ்வளவுதான். அடுத்தவரோ மறுப்புக்குக் கிடைத்த 1 நிமிடத்தையும் எதிராளி எப்போதோ பேசிய ஒரு பேச்சைக் கிளறுவதிலேயே செலவழித்தார். கேட்ட கேள்வியை இன்னொரு முறை கேட்கும் உரிமை நெறியாளருக்கு இல்லையா, இருந்தும் பயன்படுத்தவில்லையா என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரு தாளில் கேள்விகளை வரிசையாக எழுதி, எதிரே பதிலைக் குறித்துக்கொண்டு வந்தேன். 11 கேள்விகளில் 3க்கு நேரே மட்டுமே எழுத ஏதோ கிடைத்தது.

பாதித் திரையில் பேசுகிறவர், மறுபாதியில் கேட்கிறவர் என்று எப்போதும் இரு முகங்களையும் காட்டிய முறை என்னையே ஏமாற்றியது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில் வேட்பாளர் அல் கோர் விட்ட பெருமூச்சுகள் அவர் சொன்ன வாதங்களைவிட அதிகம் பேசப்பட்டன; 1960இல் கென்னடியோடு நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், மருத்துவமனையிலிருந்து மீண்டு இளைத்திருந்த நிக்சனின் முகம் இன்றும் பேசப்படுகிறது. அன்று தொலைக்காட்சியில் பார்த்தவர்களைப் போலன்றி, வானொலியில் கேட்டவர்கள் நிக்சனே வென்றதாகக் கருதினார்கள் என்ற புகழ்பெற்ற கதைக்கு ஆதாரம் மெலிந்ததுதான் என்றாலும், அதை நானே சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. மறுநாள் பதிவை ஓடவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டேன். முந்தைய இரவு தடுமாறுகிறார் என்று நான் முகம் சுளித்த இரண்டாமவர், உண்மையில் வரி பற்றிய கேள்விக்கு ஒரு தொகையைச் சரியாகச் சொல்வதற்காகச் சற்று நிதானித்திருக்கிறார். அந்த இடைவெளியில் எதிராளி பாதித் திரையில் புன்னகைத்ததைப் பார்த்துத்தான் நான் அதைத் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விவாதம் முடிந்த கையோடு வந்த "வென்றவர் யார்" நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அணைத்துவிடலாம். விவாதத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் நேரலையைவிடப் பதிவையே, முடிந்தால் திரையைப் பாராமல், கேட்பது நல்லது. தாளும் பேனாவும் அருகில் இருக்கட்டும்.

மருத்துவமனைக் கேள்விக்கு எதிரே வெறுமையாகக் கிடந்த இடத்தை நிரப்பலாமே என்று, முதல் வேட்பாளர் கைகாட்டிய அந்தத் தேர்தல் அறிக்கையையும் எடுத்துப் புரட்டினேன். அதன் சுகாதாரப் பகுதி அவருடைய தாயாரின் கதையோடுதான் தொடங்குகிறது. எந்தச் செலவை வெட்டுவார் என்பது அதிலும் இல்லை.