வேண்டியவர் கடிதம் கைக்கு வருமா? ஜிமெயில், அவுட்லுக், தண்டர்பேர்ட்: ஒரு மதிப்பீடு

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். வேலை வருவதும் மின்னஞ்சலில், திருத்திப் போவதும் மின்னஞ்சலில். எனக்கு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எந்த ஸ்பேம் வடிகட்டிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். பொருள் வரியை எப்போதும் காலியாகவே விடும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். ஒரு வார்த்தைகூட எழுதாமல் பெரிய கோப்பை மட்டும் இணைத்து அனுப்பும் பதிப்பாசிரியர் இன்னொருவர். 'அவசரம், உடனே திறக்கவும்' என்று எழுதி ஆச்சரியக்குறிகளை வரிசையாக நிறுத்தும் பத்திரிகை உதவியாசிரியர் மற்றொருவர். மூவரும் தங்கமானவர்கள், மூவரின் கடிதங்களும் மோசடிக்காரன் எழுதியவை போலவே இருக்கும்.

ஆகவே ஒரு மின்னஞ்சல் சேவை எவ்வளவு குப்பையைத் தடுக்கிறது என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த வேலையை இன்று எல்லாச் சேவைகளும் ஓரளவு ஒழுங்காகவே செய்கின்றன. தப்பி வந்த குப்பையை ஒரு நொடியில் அழித்துவிடலாம். வராமல் போன கடிதமோ, வரவில்லை என்பதே நமக்குத் தெரியாது. 'இவர் எனக்கு வேண்டியவர்' என்று நான் சொன்னால் அந்தப் பேச்சு எடுபடுகிறதா, அதை எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்ற இரண்டை மட்டும் வைத்து, நான் அன்றாடம் பயன்படுத்தும் மூன்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் ஜிமெயில். நம்பகமானவர்கள் பட்டியல் என்று ஒரு பக்கம் அதில் கிடையாது. வடிகட்டி, அதாவது எந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று நாமே எழுதிவைக்கும் விதி, வழியாகத்தான் போக வேண்டும். கணினியில் திறந்து, மேலே தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் சிறு குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அனுப்புநர் கட்டத்தில் முகவரியை எழுதி, வடிகட்டியை உருவாக்கும் பொத்தானை அழுத்தினால் அடுத்த பட்டியல் வரும்: இன்பாக்ஸைத் தவிர்த்துவிடு, படித்ததாகக் குறி, நட்சத்திரமிடு, லேபிள் ஒட்டு, வேறு முகவரிக்கு அனுப்பு, அழித்துவிடு. இத்தனைக்கும் கீழே, ஸ்பேமுக்கு ஒருபோதும் அனுப்பாதே என்ற கட்டம். நமக்கு வேண்டியது அது. இவ்வளவு முக்கியமான ஒன்றை 'அழித்துவிடு' என்பதற்கு அடுத்த வரியில் கொண்டுபோய் வைத்தவருக்குக் கை தவறும் மனிதர்களைப் பற்றி அதிகம் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் கட்டத்தில் குறியிட்டுச் சேமித்துவிட்டால், பேச்சு எடுபடுகிறது. பேராசிரியரின் கடிதம் காலிப் பொருள் வரியோடு இன்பாக்ஸில் வந்து உட்காரும். ஸ்பேம் என்று ஜிமெயில் நினைத்த கடிதத்தை நம் வடிகட்டி காப்பாற்றியிருந்தால், கடிதத்தின் தலைமாட்டில் மஞ்சள் பட்டை ஒன்று தோன்றி, நீங்கள் அமைத்த வடிகட்டியால்தான் இது ஸ்பேமுக்குப் போகவில்லை என்று சொல்லும். இந்தப் பட்டை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கீழ்ப்படிந்துவிட்டு, தன் சந்தேகத்தையும் ஒளிக்காமல் சொல்லிவைக்கும் குணம் மனிதர்களிடமே அபூர்வம். அடுத்த முறை பேராசிரியர் பெயரில் வேறு யாராவது எழுதினால் எச்சரிக்கையாக இருக்க அது உதவும்.

முழு முகவரிக்குப் பதிலாக டொமைனை, அதாவது @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியை, அந்தக் குறியோடு மட்டும் எழுதினால், அந்தப் பதிப்பகத்தில் யார் எழுதினாலும் வடிகட்டி ஏற்றுக்கொள்ளும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் அலுவலகங்களுக்கு இதுதான் வசதி. இதே முறையில் பொதுச் சேவையின் டொமைனை எழுதிவிடக் கூடாது. ஜிமெயில் டொமைனையே நம்பு என்றால், அதில் கணக்கு வைத்திருக்கும் உலகத்து மோசடிக்காரர்கள் அனைவரையும் நம்பு என்று பொருள்.

இனி ஜிமெயிலின் குறைகள். இந்த வடிகட்டியைக் கைபேசிச் செயலியில் அமைக்க முடியாது. செயலியில் இருப்பது 'ஸ்பேம் அல்ல' என்ற பொத்தான் மட்டும். அது ஒரு பரிந்துரை, கட்டளை ஆகாது. அதைப் பலமுறை அழுத்தினால் ஜிமெயில் மெல்லக் கற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். முகவரியைத் தொடர்புகளில் சேர்ப்பதும் உதவும். இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. அடுத்தது, வடிகட்டியைப் பழைய கடிதங்களுக்கும் பயன்படுத்தச் சொல்லலாம் என்றாலும், ஏற்கனவே ஸ்பேமில் கிடப்பவற்றை அது தொடாது. அவற்றை நாமேதான் கையால் எடுத்து வர வேண்டும். சாதாரணமாகத் தேடினால் ஸ்பேமுக்குள் அது எட்டிப் பார்ப்பதும் இல்லை. தேடல் படிவத்தின் கீழே ஸ்பேமையும் குப்பையையும் சேர்த்துத் தேடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். 30 நாளில் ஸ்பேம் தானாக அழிந்துவிடும் என்பதை இவற்றோடு சேர்த்துப் பாருங்கள்: காணாமல் போன கடிதம், தேடினால் அகப்படாத இடத்தில், கெடு வைத்துக் கிடக்கிறது.

அவுட்லுக் இந்த விஷயத்தில் நேர்மையான ஆள். இணையத்தில் திறக்கும் அவுட்லுக்கில், அமைப்புகளில் அஞ்சல் பிரிவுக்குப் போனால் குப்பை அஞ்சலுக்கென்று ஒரு பக்கம். அதில் பாதுகாப்பான அனுப்புநர்களும் டொமைன்களும் என்று வெளிப்படையான பட்டியல். முகவரியை எழுதிச் சேர்த்தால் முடிந்தது. அருகிலேயே, என் தொடர்புகளில் இருப்பவர்களை நம்பு என்று ஒரு தேர்வு. முகவரிப் புத்தகத்தில் ஒருவரை எழுதிவைத்திருக்கிறேன் என்றாலே அவர் எனக்கு வேண்டியவர்தான். இதைத் தனியாக வேறு சொல்லவேண்டுமா? இந்தச் சிறு நியாயம் புரிந்தவர்கள் கட்டிய பக்கம் இது. கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக் இன்னும் ஒரு படி மேல்: நான் யாருக்கெல்லாம் எழுதுகிறேனோ அவர்களைத் தானாகவே நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு.

அலுவலகக் கணக்கு என்றால் கதை வேறு. அவுட்லுக்கின் அலுவலகச் சேவையான மைக்ரோசாஃப்ட் 365-இல், உறுதியான மோசடி என்று கணிக்கப்பட்ட கடிதம் நம் பட்டியலையும் மீறித் தனிமைக் காவலுக்குப் போய்விடும். அங்கிருந்து விடுவிக்க நிர்வாகியின் தயவு வேண்டும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். அலுவலகத்தில் ஒருவர் ஏமாந்தால் எல்லாருக்கும் கேடு. ஆனால் 'பட்டியலில் சேர்த்தேனே, ஏன் வரவில்லை' என்று குழம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தண்டர்பேர்ட் என் மேசைக் கணினியில் நெடுங்காலமாக இருக்கும், வேறு சேவைகளின் அஞ்சலை எடுத்துவந்து காட்டும் மென்பொருள். 2004 டிசம்பரில் அதன் முதல் பதிப்பு வந்தது. அதன் குப்பை வடிகட்டி நாம் காட்டக் காட்டக் கற்றுக்கொள்ளும் வகை. குப்பையை மட்டும் காட்டினால் போதாது, நல்லதையும் நல்லது என்று காட்ட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. அதற்கு மாற்றாகக் கணக்கு அமைப்பில், இந்த முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களின் கடிதத்தைக் குப்பை என்று குறிக்காதே என்று ஒரு தேர்வு இருக்கிறது. நாம் எழுதும் புதிய முகவரிகளைத் தண்டர்பேர்ட் தானாகவே ஒரு தனிப் புத்தகத்தில் சேகரித்து வைக்கும்; அதையும் சேர்த்துக் குறியிட்டுவிட்டால், நான் ஒரு முறை பதில் எழுதியவர் அதற்குப் பிறகு வேண்டியவர். இதைவிட இயல்பான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் அது இருக்குமிடம்தான் சிக்கல். தண்டர்பேர்டுக்குக் கடிதம் வருவதற்கு முன்பே சேவையின் சர்வரில், அதாவது அஞ்சலை முதலில் வாங்கும் அவர்களின் கணினியில், ஒரு வடிகட்டல் நடந்துவிடுகிறது. தெருக்கதவில் காவலாளி தடுத்து நிறுத்தியவரை, கூடத்தில் இலை போட்டுக் காத்திருப்பவர் எப்படி வரவேற்பார்? பாப் முறையில் அஞ்சலை இறக்குகிறவர்களுக்கு ஸ்பேம் கோப்புறை கண்ணிலேயே படாது. இன்பாக்ஸ் மட்டும்தான் இறங்கும். சர்வரில் இருக்கும் கோப்புறைகளை அப்படியே காட்டும் ஐமேப் முறையில் அது தெரியும். அப்போதும் அந்தக் கோப்புறையின் பண்புகளில், புது அஞ்சல் எடுக்கும்போது இதையும் பார் என்று குறியிட்டு வைப்பது நல்லது. எத்தனை முகவரிப் புத்தகம் வைத்திருந்தாலும், நம்பிக்கையைச் சர்வரில் சொல்வதுதான் முதல் வேலை. தண்டர்பேர்டில் சொல்வது அதற்குப் பிறகு.

இவ்வளவு சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. மின்னஞ்சல் அனுப்பும் விதிமுறை 1982-இல் எழுதப்பட்டபோது, அனுப்புநர் பெயர் உண்மையா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. யாரும் யார் பெயரையும் போட்டு அனுப்பலாம். நம்பிக்கைப் பட்டியல் பெயரைப் பார்த்துக் கதவைத் திறப்பது. அந்தப் பெயரைத் திருடியவனுக்கும் அது திறந்துவிடக்கூடும். இதற்காகப் பிற்பாடு மூன்று சோதனைகள் வந்தன. இந்த டொமைன் சார்பில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற அறிவிப்பு எஸ்பிஎஃப். கடிதத்தின் மேல் இடும் மின்முத்திரை டிகேஐஎம். இவற்றில் தேறாவிட்டால், அல்லது தேறிய டொமைன் அனுப்புநர் வரியில் தெரியும் டொமைனோடு பொருந்தாவிட்டால், என்ன செய்வது என்று டொமைன்காரரே சொல்லிவைப்பது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு அதே சமயத்தில் இத்தகைய விதியைக் கொண்டுவந்தது.

நான் வேலை செய்யும் ஒரு சிறு பதிப்பகத்தின் கடிதங்கள் திடீரென்று ஸ்பேமுக்குப் போகத் தொடங்கியதற்குக் காரணம் இங்கேதான் இருந்தது. ஜிமெயிலில் கடிதத்தின் மூன்று புள்ளிப் பட்டியலில் மூலத்தைக் காட்டு என்பதைத் திறந்தால், மேலேயே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரிகளில் தேர்ச்சியா தோல்வியா என்று எழுதியிருக்கும். எஸ்பிஎஃப் தோல்வி என்று இருந்தது. அவர்கள் அஞ்சல் சேவையை மாற்றியிருக்கிறார்கள். அறிவிப்பில் பழைய சர்வரே நின்றுகொண்டிருந்தது. சொன்னேன், அவர்களின் தொழில்நுட்பப் பையன் ஒரு வரியை மாற்றினான். நான் வடிகட்டி போட்டிருந்தால் எனக்கு மட்டும் கடிதம் வந்திருக்கும். அவர்களின் எழுத்தாளர்கள் அனைவரும் பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பார்கள்.

பேராசிரியர் விஷயத்தில் அப்படிச் செய்ய வழியில்லை. அவருடைய கடிதங்கள் வேறொரு முகவரியிலிருந்து தானாகத் திருப்பிவிடப்பட்டு என்னிடம் வருகின்றன. திருப்பிவிடும் சர்வர் மூல டொமைனின் அறிவிப்பில் இருக்காது என்பதால் எஸ்பிஎஃப் அங்கே இயல்பாகவே தவறும். முத்திரை கலையாமல் வந்தால் பிழைக்கும். அவரிடம் போய் டிகேஐஎம் பற்றிப் பேசும் தைரியம் எனக்கு இல்லை. அவருக்குத் தனி வடிகட்டி, முழு முகவரியோடு.

என் தேர்வு: புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர், பட்டியல் வைத்துத்தான் வாழப்போகிறார் என்றால், அவுட்லுக். ஏற்கனவே ஜிமெயிலில் இருப்பவர் மாற வேண்டியதில்லை. கணினி முன் உட்கார்ந்து வேண்டியவர்களுக்கு வடிகட்டி போட்டுவிட்டால் போதும். தண்டர்பேர்ட் இரண்டுக்கும் துணையாக இருக்கட்டும், தனியாக நம்ப வேண்டாம். போட்ட வடிகட்டிகளை ஜிமெயில் அமைப்புப் பக்கத்திலிருந்து ஒரு கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளலாம். பழைய அவுட்லுக்கிலும் நம்பிக்கைப் பட்டியலை உரைக்கோப்பாக எடுக்க முடியும். ஒன்றின் கோப்பை மற்றொன்று அப்படியே படிக்காது என்பதால், வீடு மாறும் நாளில் முகவரிகளை மறுபடி உட்கார்ந்து சேர்க்கத்தான் வேண்டும்.