குறட்டைக்கு மெஷின் வாங்கும் முன் ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள்

அப்பாவுக்கு 61 வயது. குறட்டை பல வருடமாகவே உண்டு. போன தை மாதம் அம்மா பயந்துபோய் போன் செய்தார். "குறட்டை பட்டுன்னு நிக்குதுடி. இருபது எண்ணுற வரைக்கும் மூச்சே இல்ல. அப்புறம் திணறிக்கிட்டு முழிக்கிறாரு." சிக்னலில் ஸ்கூட்டரோடு நின்றபடியே கண் அசந்துவிட்டதாக அப்பாவே சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு கடை, வீட்டுக்கே வந்து இலவசமாகத் தூக்கப் பரிசோதனை செய்வதாக விளம்பரம் போட்டிருந்தது. டாக்டரிடம் போகாமல் அவர்களைக் கூப்பிட்டேன். ஒரு பையன் வந்து விரலில் கிளிப், மார்பில் பெல்ட், மூக்கில் சின்னக் குழாய் மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு பக்கம் வந்தது. ஏ.எச்.ஐ. 27. அதாவது மணிக்குச் சராசரியாக 27 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால்தான் கடுமை என்று கடைக்காரர் சொல்லவில்லை. "தூக்கத்துலயே ஹார்ட் நின்னுரும் மேடம், உடனே பைபாப் போடணும்" என்றார். பைபாப் என்பது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் மெஷின்; மூச்சை இழுக்கும்போது அழுத்தம் கூடும், விடும்போது குறையும். பயத்தில் 84,000 ரூபாய் கொடுத்தோம். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. அப்பாவுக்கு எந்த அழுத்தம் சரி என்று பார்க்காமல் ஏதோ ஒரு எண்ணை வைத்துக் கொடுத்தார்கள்.

மாஸ்க் அப்பாவின் முகத்துக்குப் பெரியது. விளிம்பு வழியாகக் காற்று சீறிக்கொண்டு கண்ணுக்குள் அடிக்கும். இறுக்கிக் கட்டினால் காலையில் மூக்குத்தண்டில் சிவப்பாக ஒரு தழும்பு. பதினோரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார், பிறகு கழற்றி வைத்துவிட்டார். கடையில் கேட்டால் "பிரிச்ச மாஸ்க்கை மாத்த முடியாது" என்றார்கள். அதற்குப் பிறகு என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை.

கடைசியில் நுரையீரல் டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "முழு ரிப்போர்ட் எங்கே?" கடைக்கு நேரில் போய் உட்கார்ந்து சண்டை போட்டுத்தான் வாங்க முடிந்தது. ஆறு பக்கம். மூன்றாவது பக்கத்தில் படுத்திருந்த நிலைவாரியாக ஒரு சின்ன அட்டவணை: மல்லாந்து படுத்தபோது ஏ.எச்.ஐ. 41, ஒருக்களித்தபோது 8. டாக்டர் அந்த வரியில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். மல்லாந்து படுத்தால் நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கின்றன. ஒருக்களித்தால் வழி திறக்கிறது. அப்பாவுக்கு இந்த வித்தியாசம் ஐந்து மடங்கு! இந்தப் பக்கத்தைத்தான் எங்களிடம் காட்டாமல் விட்டார்கள்.

பைபாப் முதலில் தருகிற மெஷினே இல்லை என்றும் சொன்னார். பொதுவாக, ஒரே அழுத்தத்தில் காற்று தரும் சிபாப் மெஷினில்தான் தொடங்குவார்கள். அதிக அழுத்தம் தாங்காதவர்களுக்கும், உடம்பில் கரியமில வாயு தேங்குகிறவர்களுக்கும்தான் பெரும்பாலும் பைபாப். அதையும் வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்குப் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்யும், கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கும் கிளிப்பும் ஒரு வழி.

அப்பாவுக்கு இப்போதைக்கு ஒருக்களித்த படுக்கையும் எடைக் குறைப்பும். அம்மா பழைய பனியனின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுவிட்டார். மல்லாந்தால் உறுத்தும், தானே திரும்பிவிடுவார். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. அதுவரை ஸ்கூட்டர் சாவி என்னிடம்.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் சிபாப்பை நிறுத்தாதீர்கள். ஒருக்களித்தாலும் 30, 40 காட்டுகிறவர்களுக்கு அந்த மெஷின்தான் சரி, பந்து உதவாது. நான் சொல்வது, விற்கிறவரே பரிசோதனை செய்து விற்கிறவரே முடிவும் சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள் என்பதுதான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், அந்த ஒற்றைப் பக்க வாட்ஸ்அப், ஆறு பக்க ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன்.