டெலஸ்கோப்புக்குப் பின்னால் ஒரு கல்யாண வீடியோ கேமரா

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் டேப்பிலிருந்து கார்டுக்கு மாறியபோது, சின்ன டேப்பில் பதிவு செய்யும், கைக்கு அடக்கமான மினிடிவி கேமரா ஒன்றைக் கழித்துக் கட்டினார். 2011-ல் அது என்னிடம் வந்தது. திண்டுக்கல்லில் எங்கள் மொட்டை மாடியில் அப்போதே 6 அங்குல டாப்சோனியன் (கையால் திருப்பும் எளிய பீடத்தில் உட்காரும் கண்ணாடி டெலஸ்கோப்) ஒன்று இருந்தது, குவியத் தொலைவு 1200 மி.மீ. இரண்டையும் ஜோடி சேர்த்துப் பத்து வருஷத்துக்கு மேல் பட்ட பாடு இது.

இந்தக் கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது. அதனால் ஐபீஸில் நாம் கண் வைக்கும் இடத்தில் கேமராவை வைக்க வேண்டும். முறை அவ்வளவுதான். ஆனால் முதல் ராத்திரி திரையில் வந்தது சாவித்துவாரம் வழியாக எட்டிப் பார்த்த நிலா, சுற்றிலும் கறுப்பு. 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் நிலா இன்னும் பெரிதாகும் என்று நான் போட்ட கணக்கு தப்பு. அதன் கண்ணாடி பட்டாணி அளவு. கேமராவின் ஜூம் லென்ஸோ அகலம், அதுவும் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். 25 மி.மீ. பிளாசல் ரக ஐபீஸ் போட்டு, கேமராவில் மூன்று நான்கு மடங்கு ஜூம் செய்ததும் கறுப்பு விளிம்பு விலகியது. டிஜிட்டல் ஜூம் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், வெறும் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

ஆட்டோ என்று பெயர் வைத்த எல்லாமே இங்கே எதிரி. கறுத்த வானத்தைப் பார்த்த கேமரா வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போகும். வியாழன் வெந்த இட்லி மாதிரி வெளுத்துவிடும். வெளிச்சத்தைக் கையால் குறைத்துப் பூட்டிய பிறகுதான் இரண்டு பட்டைகளும் தெரிந்தன. ஃபோகஸை முடிவிலியில் நிறுத்திவிட்டு, மீதியை டெலஸ்கோப்பின் திருகில் சரிசெய்வேன். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியையும் அணைத்தாக வேண்டும். இல்லையென்றால் நகரும் நிலாவை நடுங்கும் கை என்று நினைத்து அது மல்லுக்கட்டும்.

கேமராவைத் தனி டிரைபாடில் வைத்துப் பார்த்தேன். டெலஸ்கோப்பை ஒரு விரற்கடை நகர்த்தினாலே இரண்டும் விலகிவிடும். கடைசியில் லேத் பட்டறையில் ஒரு அலுமினிய பிராக்கெட் அடித்து, ஐபீஸ் பக்கமே மாட்டினேன். கேமராவின் கனத்தில் குழாய் தலைகுப்புற இறங்கியது. அடிப்பக்கம், கண்ணாடி இருக்கும் முனையில், ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கட்டினேன். இன்றுவரை அந்த உப்புதான்!

மோட்டார் கிடையாது. வானம் ஒரு வினாடிக்கு 15 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) நகர்கிறது, ஆகவே முழு ஜூமில் வியாழன் திரையைக் கடக்க முக்கால் நிமிஷம் எடுக்கும். நான் துரத்துவதில்லை, அது போகிற வழியில் காத்திருப்பேன். பதிவை ரிமோட்டில் தொடங்கினால் ஆட்டமும் இல்லை. ஒரு வினாடிக்கு 25 ஃபிரேம். காற்று அலையடிக்கும்போது பெரும்பாலானவை கலங்கிக் கிடக்கும், நடுநடுவே சில மட்டும் தெளிந்திருக்கும். அவற்றைப் பொறுக்கி, ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒற்றை ஃபோட்டோவில் கிடைக்காத விவரம் கிடைக்கும். இதற்காகத்தான் வீடியோவே. தொல்லை வேறு இடத்தில்: ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம், 13 ஜிபி இடம். கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிளுக்குப் புது லேப்டாப்பில் துளையே இல்லை; ஒரு பழைய டெஸ்க்டாப்பை இதற்காகவே உயிரோடு வைத்திருக்கிறேன்.

நெபுலா, கேலக்ஸி ஆசை வேண்டாம். ஓரியன் நெபுலாவில் நாலு நட்சத்திரம் வந்தது, புகை வரவில்லை.

நான் நினைத்தே பார்க்காத லாபம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை வைத்த ஏவி கேபிளில் வந்தது. பழைய போர்ட்டபிள் டிவியில் சொருகினால் தெருவே ஒன்றாகப் பார்க்கலாம். 2012 ஜூன் 6 காலை வெள்ளி சூரியனைக் கடந்தபோது (அடுத்தது 2117-ல்தான்), குழாயின் முன்வாயில் சூரிய வடிகட்டித் தாளைக் கட்டிவிட்டு டிவியை மாடிப்படி அறைக்குள் வைத்தேன். வெயிலில் திரை தெரியாதே! தாளை ஐபீஸ் பக்கம் வைக்கவே கூடாது, சூட்டில் போய்விடும். கண்ணும் கேமராவும் அதோடு போகும்.

2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். திண்டுக்கல் அதன் பாதையிலேயே இருந்தது. கிரகணம் பிடித்திருக்கும்போது வெளியே வரக்கூடாது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி காலையிலிருந்தே கதவைச் சாத்தியிருந்தார். "உள்ளேயே உட்கார்ந்து டிவில பாருங்க பாட்டி" என்று சொல்லி, கேபிளை நீட்டி டிவியை அவர் வீட்டு ஜன்னலோரம் வைத்தோம். ஒன்பதரை மணிவாக்கில் வளையம் மூடியது. டேப்பில் அந்த மூன்று நிமிஷமும் மேகம் வந்து வந்து போகிறது, படம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் தெருவின் கூச்சலுக்கு நடுவே பாட்டியின் குரல்: "யம்மா, வளையல் மாதிரியே இருக்குடா!"

இப்போது கிளிப்பில் மாட்டிய மொபைல் இதைவிடத் துல்லியமாக எடுக்கிறது. மறுக்கவில்லை. என் கேமராவில் டேப் ஹெட்டும் தேய்ந்துவிட்டது, பதிவு செய்தால் படம் சிதறுகிறது. டிவிக்குப் படம் அனுப்பும் வேலை மட்டும் பழுதில்லாமல் நடக்கிறது. இன்னும் 9 டேப் பாக்கி. ஹெட் முழுக்கப் போவதற்குள் ஏற்றிவிட வேண்டும், பாட்டி டேப்பை முதலில்.