61 சதுர அடியில் ஒரு தபால் ஆபீஸ்: ஓச்சாப்பி, ஃப்ளோரிடா

தபால் ஆபீஸில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மயாமியில் இருக்கும் மகள் போன மாதம் ஒரு காலையில், "அம்மா, இன்னைக்கு உன் இடத்துக்கே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். டமயாமி டிரெயில் என்கிற 41ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினாள். இரண்டு பக்கமும் சதுப்பு நிலம். சாலையை ஒட்டியே கால்வாய், அதன் கரையில் முதலைகள். பிறகு ஓரமாக ஒரு வெள்ளைக் கொட்டகை, கொடிக்கம்பம், நீலத் தபால் பெட்டி.

"பம்புசெட் ரூம் மாதிரி இருக்கே" என்றேன். பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தபோது புல்லரித்தது. அது உண்மையிலேயே ஒரு தக்காளிப் பண்ணையில் பாசனக் குழாய்களைப் போட்டுவைத்திருந்த கொட்டகைதான்.

அமெரிக்காவிலேயே மிகச் சிறிய தபால் ஆபீஸ் என்று இதைச் சொல்கிறார்கள். மொத்தம் 61 சதுர அடி. ஓச்சாப்பிக்கு நகராட்சி கிடையாது, மேயர் கிடையாது. எல்லாவற்றையும் கொலியர் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகமே பார்த்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. அதன் பெயரைத் தேதியோடு தினமும் பதித்துக்கொண்டிருப்பது இந்த ஆபீஸின் முத்திரைதான். என் கண்ணுக்கு இது வேடிக்கைப் பொருளாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

சாலை வந்த பிறகுதான் ஊரே உருவானது. டாம்பாவையும் மயாமியையும் இணைக்கும் இந்த வழி 1915இல் தொடங்கி 1928இல்தான் முடிந்தது. சேற்றுக்கடியில் இருந்த சுண்ணாம்புப் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, வாரி எடுத்து, அதையே மேடாக்கிச் சாலை போட்டார்கள். தோண்டிய பள்ளம்தான் நாங்கள் கூடவே பார்த்துக்கொண்டு வந்த கால்வாய். இந்தப் பகுதியில் வேலைக்குப் பணம் கொடுத்தவர் பாரன் கொலியர் (Barron Collier) என்ற பெரும் பணக்காரர். கவுண்டிக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். சாலை திறந்த காலத்தில் ஜே. டி. கான்ட் கம்பெனி இங்கே தக்காளி பயிரிட வந்தது. கூலியாட்கள் வந்தார்கள், கடை வந்தது, தபாலும் வந்தது.

1953இல் ஒரு ராத்திரி தீப்பிடித்து ஊர்க் கடையும் தபால் ஆபீஸும் எரிந்துபோயின. பலகையில் ஒரே வரிதான் இருக்கிறது. எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. ஆபீஸ் எரிந்துவிட்டது என்பதற்காக வரும் தபால் நிற்காது. பையை எங்கே பிரிப்பது, பதிவுத் தபாலை எங்கே பூட்டிவைப்பது, பட்டுவாடாவுக்கு ஆளை எங்கிருந்து அனுப்புவது? போஸ்ட்மாஸ்டர் சிட்னி பிரவுன், கைக்குக் கிடைத்த இந்தக் குழாய்க் கொட்டகையில் அவசரமாக வேலையைத் தொடங்கிவிட்டார். அவசரத்துக்கு வந்தது அப்படியே நிலைத்துவிட்டது. டிரெயில்வேஸ் பஸ்ஸுக்கு டிக்கெட் விற்றதும் இதே அறையில்தான்.

ஊர்தான் நிலைக்கவில்லை. 1960களின் கடைசியில் பக்கத்துச் சதுப்பில் மிகப் பெரிய விமான நிலையம் கட்டப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, ஒரு ஓடுபாதையோடு அது நின்றது. அந்த எதிர்ப்பிலிருந்து 1974இல் பிக் சைப்ரஸ் தேசியப் பாதுகாப்பு நிலம் பிறந்தது. அதற்காக இந்த வட்டாரத்தில் அரசு நிலங்களை விலைக்கு வாங்கியது. சதுப்பு பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் குடியிருப்புகள் குறையக் குறைய ஒரு கிளை ஆபீஸுக்கு என்ன ஆகும் என்பதை என் வேலையில் பார்த்திருக்கிறேன். முதலில் நேரத்தைக் குறைப்பார்கள், பிறகு பக்கத்து ஊரோடு சேர்ப்பார்கள். இது தப்பியிருக்கிறது. கொலியர், மன்றோ, மயாமி-டேட் என்று மூன்று கவுண்டிகளில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு இங்கிருந்து தபால் போகிறது. அவர்களில் மிக்கசூக்கி, செமினோல் பழங்குடி மக்களும் உண்டு.

இனி சேவை. கவுண்டருக்கு முன்னால் ஒருவர் நின்றால் அடுத்தவர் வெளியில்தான். நான் மூன்று படஅட்டைகள் நீட்டினேன். வெளிநாட்டுக்கான தபால்தலை இங்கே வட்டமாக இருக்கும், அதை ஒட்டியிருந்தேன். "கையால் முத்திரை வேண்டும்" என்று மகள் கேட்டாள். கவுண்டரில் இருந்த அம்மா ஒவ்வொரு அட்டையையும் நேராக்கி வைத்து, முத்திரையை நிமிர்த்திப் பிடித்து, ஒரே அழுத்து. மை ஊறவில்லை, இழுபடவில்லை. ஊர்ப் பெயரும் தேதியும் 34141 என்ற பின்கோடும் எழுத்தெழுத்தாகப் படிக்க முடிந்தது. அவசரமாகக் குத்தினால் பாதி வட்டம்தான் விழும். அந்தப் பிழையை நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அவர் செய்யவில்லை. நானும் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள்தான் என்று மகள் என்னைக் காட்டிச் சொன்னதும் எழுந்து எனக்குக் கை கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: அட்டையை எழுதி முடித்துக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே நின்று எழுத இடமில்லை. வெளியே உள்ள நீலப் பெட்டியில் போட்டுவிடாமல் கவுண்டரில் கொடுத்து முத்திரை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மற்ற நாட்களிலும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நேரில் போக முடியாத தபால்தலைச் சேகரிப்பாளர்கள், தலை ஒட்டி விலாசம் எழுதிய உறையை இன்னொரு உறைக்குள் வைத்து, முத்திரை கேட்டு ஒரு சீட்டோடு போஸ்ட்மாஸ்டருக்கு அனுப்பலாம். உலகம் முழுவதிலிருந்தும் அப்படி வருகிறது.

மூன்று அட்டைகளில் இரண்டை என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அனுப்பினேன். மூன்றாவதில் என் விலாசத்தையே எழுதினேன். ஊர் திரும்பிய மறு வாரம் வந்து சேர்ந்தது. எங்கள் ஆபீஸ் முத்திரை அதன் மேல் பாதி வட்டமாக விழுந்திருக்கிறது. ஓச்சாப்பி முழுசாக இருக்கிறது.