மாமைட் போத்தலும் பருப்புக் கறியும்

திருகோணமலை மத்திய வீதிக் கடையொன்றில் போன கிழமை சின்ன மாமைட் போத்தல் ஒன்று வாங்கினேன். ஈஸ்டில் இருந்து எடுக்கிற கறுத்தக் கூழ்தான் மாமைட். டெங்குவில் கிடந்து எழும்பிய மகனுக்காகத்தான். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு "கருவாட்டுத் தண்ணி" என்று கோப்பையைத் தள்ளிவிட்டான். சரி, போத்தல் என் பொறுப்பாயிற்று.

விலை கையைக் கடிக்கிறது. ஆனால் அரைத் தேக்கரண்டி போதும் என்பதால் நாள்கணக்கில் வருகிறது. கொதித்த தண்ணீரில் கரைத்து, தேசிக்காய் பிழிந்து, மிளகுத்தூள் தூவிக் குடிப்பேன். உப்புப் போட வேண்டாம், ஏற்கெனவே உப்புக்கட்டி மாதிரித்தான் இருக்கிறது. பிரஷர்காரர் கவனம். பாணில் பட்டருக்கு மேலே பூசுவதானால் மெல்லியதாகப் பூசவேண்டும், கொஞ்சம் கூடினாலும் போச்சு.

எங்கள் அப்பா இதைக் 'காய்ச்சல் மருந்து' என்பார். மலேரியா தடை இயக்கத்தில் மருந்தடித்தவர். வீட்டுக்குள் வரும்போதே சட்டையில் மலத்தியன் வாடை வரும். 1934–35 மலேரியாக் கதையை அவர் சொல்லித்தான் கேட்டேன். மழை பொய்த்து, ஓடிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்க, நுளம்பு பெருகிவிட்டது. கேகாலை, குருநாகல் பக்கம்தான் பெரிய அடி. எங்கள் வறண்ட பக்கத்துச் சனத்துக்கு மலேரியா பழகிய உடம்பு, அங்கே அப்படியில்லை. இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். விளைச்சலும் இல்லை, வேலையும் இல்லை. வெறும் வயிற்றுக்குக் கொயினா என்கிற மலேரியா மருந்தை மட்டும் கொடுத்து என்ன செய்வது?

டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு ஊருக்குள் போன, வெள்ளைக்கார ஆட்சிக்கு எதிரான சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள், இந்த மாமைட்டைத்தான் குளிசையாக உருட்டிக் கொடுத்தார்களாம். பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவுக்குப் 'பரிப்பு மாத்தையா' (சிங்களத்தில் 'பருப்பு ஐயா') என்றே பெயர் விழுந்தது. 1935 டிசம்பரில் அவரும் சேர்ந்து தொடங்கிய இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த வருடத் தேர்தலில் ருவன்வெல்லவில் அவர் வென்று, அந்தக் காலத்துச் சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனார். காய்ச்சல் வீட்டுப் படியேறி வந்த ஆளை அந்தச் சனம் மறக்கவில்லை என்பது அப்பாவின் கணக்கு.

மாமைட்டில் ஒரு குறை: போத்தல் வாயைத் துடைக்காமல் மூடினால் மூடி ஒட்டிக்கொள்ளும். சுடுதண்ணீரில் கவிழ்த்து வைத்துத்தான் திறக்க முடிந்தது.

நேற்றுப் பருப்புக் கறியில் அரைக் கரண்டி கலந்துவிட்டேன். மகன் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டான். நான் வாயே திறக்கவில்லை.