ஏர் சஸ்பென்ஷன் பழுது: வில்சன் கார்டன் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கண்ட நேர்த்தி

இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு மூலையில் படுத்துக் கிடந்தால், பலரும் முதலில் கை வைப்பது, காரைத் தாங்கும் காற்றுப் பைகளுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசரில்தான். டபிள்யூ 221 வகையைச் சேர்ந்த என் மெர்சிடிஸ் எஸ் கிளாஸுக்கும் வேறொரு சர்வீஸ் சென்டரில் அதையே மாற்றச் சொல்லி மதிப்பீடு கொடுத்தார்கள். பெங்களூரு வில்சன் கார்டனில் உள்ள இந்தச் சிறிய ஒர்க்‌ஷாப்பில் முதலில் கசிவைத் தேடினார்கள். நான் பரிந்துரைப்பதற்கு அதுவே முதன்மைக் காரணம்.

கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடியதை ஸ்கேனர் காட்டியது. ஏன் ஓடியது என்பதைக் காட்டவில்லை. ஆகவே ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, கார் தானாகவே மட்டத்தைச் சரிசெய்துகொள்ளாதபடி கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேவைக் கழற்றிவிட்டு, இரவு முழுவதும் அப்படியே நிறுத்தி வைத்தார்கள். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் சக்கரங்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்கின் மீது சந்தேகம் போயிருக்கும். இறங்கியது வலது முன் மூலை மட்டுமே. அந்த மூலையைத் தாங்கும், காற்றுப் பையுள்ள ஸ்ட்ரட்டின் தலையில் குழாய் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தபோது ஒன்றும் தெரியவில்லை. தூசி உறையை விலக்கி ரப்பர் மடிப்பில் தெளித்ததும் பொடிப்பொடியாகக் குமிழ்கள் எழுந்தன.

1998-இல் முந்தைய எஸ் கிளாஸான டபிள்யூ 220-இல், மெர்சிடிஸின் ஏர் சஸ்பென்ஷனான ஏர்மேட்டிக் அறிமுகமான காலத்திலிருந்தே இந்தப் பழுதின் அடிப்படை ஒன்றுதான்: கசியும் காற்றை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடிச் சூடேறுகிறது, அதன் உலர்த்தி ஈரத்தை உறிஞ்ச முடியாமல் போகிறது, அந்த ஈரம் வால்வுகளை அரிக்கிறது. கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

ஸ்ட்ரட்டை மாற்றியதோடு ரிலேவையும் புதிதாகப் போட்டார்கள். விலை குறைந்த பொருள்தான்; ஆனால் அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துவிடும். காரைத் தரையில் இறக்குவதற்கு முன்பே புதிய ஸ்ட்ரட்டில் காற்றை நிரப்பிய கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காற்றில்லாத ரப்பர் பையின் மீது காரின் எடை விழுந்தால் மடிப்பு கோணலாகி, புதிய பாகமே கெட்டுவிடும். இடது ஸ்ட்ரட்டுக்கும் அதே வயதுதான் என்று சொன்னார்களே தவிர, மாற்றியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தவில்லை.

குறை என்றால், பாகங்களை இருப்பில் வைப்பதில்லை. வரவழைக்கும் வரை காத்திருக்க வேண்டும். முற்றிலும் இறங்கிவிட்ட காரை அங்கே ஓட்டிச் செல்லாமல், ஃபிளாட்பெட் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.